கேஸ்கட் மட்டும் போதுமா?

மயிலையிலும் தியாகராய நகரிலும் பழைய பிக்கப் வண்டியொன்றை நம்பியே வாழும் குடும்பங்கள் பல. கத்திரி வெயிலில், நெரிசலில் ஊர்ந்து செல்கையில் ரேடியேட்டரில் நீர் குறைந்தால் எஞ்சின் கொதிக்கின்றது. ஹெட் வளைகின்றது, அலுமினியமாயின் இன்னும் விரைவாக. அடியிலுள்ள கேஸ்கட் பிளந்து, எண்ணெயில் நீர் கலந்து பால் காப்பி நிறம் காட்டும். புகைக்குழாய் வெண்புகை கக்கும்.

கேஸ்கட்டின் விலை அற்பமே. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் அகப்படாததைப் புதுப்பேட்டையில் தேடிப் பார்க்கலாம். கழற்றி மாட்டும் கூலிதான் பெரிது. ஆகவே, 'வண்டி இன்றே வேண்டும்' என்று மெக்கானிக்கை நெருக்கி, கேஸ்கட்டை மட்டும் மாற்றச் செய்வதை நாம் ஒப்புவதில்லை. ஹெட்டின்மீது நேர்ச்சட்டம் வைத்து அளக்க வேண்டும். வளைவு மிகுந்திருந்தால் பட்டறையில் கடைந்து சமன்செய்ய வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று சுற்றுகளில், டார்க் ஸ்பேனரால் முறுக்குவதே முறை. கைப்பழக்கத்தை நம்புவோரும் உளர், நாம் நம்புவதில்லை.

நீர் ஏன் குறைந்தது என்பதையும் பார்க்கவேண்டாமா? ஓட்டை ரேடியேட்டரோடு ஓட்டினால் புதுக் கேஸ்கட்டும் அதே வழி போகும்.

மற்றொன்று: பழைய கேஸ்கட்டுகள் பலவற்றில் கல்நார் உண்டு, அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. உலர்ந்தபடி சுரண்டாமல் நனைத்தே எடுக்கச் சொல்லுங்கள். பட்டறைச் சிறுவரை அருகில் விடாதீர்கள்.