அந்த அக்டோபர்



இது அறுபதுகளின் சிறப்பிதழ். பெர்லின் சுவர், கென்னடி கொலை, வியட்நாம், பிராக் நகருக்குள் புகுந்த சோவியத் டாங்கிகள், நிலாவில் பதிந்த காலடி என்று பக்கங்கள் நிறைந்துவிட்டன. அச்சுக்குப் போகும் நாள்வரை எங்களோடு மல்லுக்கு நின்றது 1962 அக்டோபர்தான். இரண்டு பக்கம் ஒதுக்கினோம், ஐந்து கேட்டது.

கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதை அமெரிக்க உளவு விமானம் படம்பிடித்ததும், தீவைச் சுற்றிக் கடற்படை மறித்து நின்றதும் பலரும் அறிந்த கதை. அமெரிக்க அதிபர் கென்னடியும் சோவியத் தலைவர் குருஷ்சேவும்தான் அதில் நாயகர்கள். என் மனம் என்னவோ ஒரு நீர்மூழ்கியின் வயிற்றுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

அக்டோபர் 27. பி-59 என்ற அந்தச் சோவியத் நீர்மூழ்கிக்கு வெப்பக் கடல் பழக்கமில்லை. உள்ளே 45 டிகிரிக்கு மேல் புழுக்கம். பேட்டரி தீரும் நிலை, மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. மேலிருந்து அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கைக் குண்டுகளைப் போட்டபடி இருந்தன. போர் மூண்டுவிட்டதென்றே நினைத்த கேப்டன் சவித்ஸ்கி, அணுகுண்டு பொருத்திய டார்பிடோவைத் தயார்செய்யச் சொன்னார் என்று கப்பலில் இருந்த ஒருவர் பின்னாளில் சொன்னார். கேப்டனைப் பேசித் தணித்தவர் அதே கப்பலில் இருந்த அதிகாரி வசீலி அர்கிப்போவ். முந்தைய ஆண்டுதான் கே-19 நீர்மூழ்கியில் அணு உலை பழுதாகி, சக மாலுமிகள் கதிர்வீச்சில் மடிந்ததைப் பார்த்தவர். பி-59 சுடாமல் நீருக்கு மேலே வந்தது. மறுநாள், ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக குருஷ்சேவ் அறிவித்தார்.

இந்தக் கதை பரவலாக வெளியே வந்தது 2002-ல், ஹவானாவில் நடந்த ஒரு கருத்தரங்கை ஒட்டி. அர்கிப்போவ் 1998-லேயே இறந்துவிட்டார். பழைய நாளிதழ்க் கட்டுகளை நம்பிச் சிறப்பிதழ் போடும் எங்களைப் போன்றவர்களின் தலையில் இது ஒரு குட்டு!

நம் ஊரில் அந்த மாதம் வேறு கவலை. அக்டோபர் 20-ல் சீனப் படை இமய எல்லையில் தாக்கியது. பெண்கள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள்.

வீட்டில் எண்பதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால் இன்று சாயங்காலமே கேட்டுப் பாருங்கள். தெருவில் யார் வீட்டில் ரேடியோ இருந்தது? எந்தச் செய்திக்குக் கூட்டம் கூடியது? யாருடைய வளையல் போனது? கேட்டதை அப்படியே எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் உங்கள் கடிதங்களுக்காகவே பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்