மலைச் சரிவில் ஓர் அறை: எதை அளக்கிறது அனுமதி?

நீலகிரியில் இருக்கும் வீட்டோடு ஓர் அறையைச் சேர்ப்பது ஒரு குடும்பத்தின் விவகாரம் மட்டுமல்ல. மேலே இருக்கும் வீட்டையும் கீழே இருக்கும் வீட்டையும் பற்றியது அது. 2024 பிப்ரவரியில் உதகை அருகே லவ்டேலில், தடுப்புச் சுவருக்காக மண் தோண்டியபோது மேலிருந்த பழைய கழிப்பிடக் கட்டிடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூலையில் அண்டை மாவட்டமான வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைக் குடியிருப்புகளை நிலச்சரிவு அழித்தது. இவற்றுக்குப் பிறகும் ‘என் நிலம், என் வீடு’ என்ற வாதம் மலையில் செல்லுபடியாகாது.

எனவே, கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1990இல் மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம் உருவானதும், 1993இல் மலை நகரங்களுக்கெனத் தனிக் கட்டிட விதிகள் வந்ததும் நல்ல முடிவுகள். உள்ளூர் மக்கள் ‘மாஸ்டர் பிளான்’ என்று சொல்லும் இந்த ஏற்பாட்டில் கட்டிட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு உண்டு. 1,500 சதுர அடிக்குள் அடங்கும் வீட்டை உள்ளாட்சி அமைப்பு பரிசீலிக்கும். அதற்கு மேல் போனால் ஆட்சியர் தலைமையிலான குழுவுக்குச் செல்ல வேண்டும். இடத்தைப் பொறுத்து வனம், கனிமவளம், வேளாண் பொறியியல் துறைகளின் தடையின்மைச் சான்றும் தேவைப்படும். இந்த விதிகள் இல்லையென்றால் உதகையும் குன்னூரும் இன்று இருப்பதைவிடவும் மோசமாக இருந்திருக்கும்.

சதுர அடியும் சரிவும்

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அனுமதி முறை பெரிதும் சதுர அடியை அளக்கிறது. மலையோ சரிவையும் நீரையும் கணக்கில் வைத்திருக்கிறது. வீட்டின் பின்பக்க மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டிக் கட்டும் 200 சதுர அடி அறை, சமதளத்தில் நிற்கும் வீட்டின் மேல் எழும் பெரிய மாடியைவிட ஆபத்தானது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் சுமார் 82 செ.மீ. மழை கொட்டியது, அந்த மழையில் மாவட்டம் 40க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. அப்படிப்பட்ட மழையில் அறையின் பரப்பளவு முக்கியமல்ல; வெட்டிய மண்ணுக்குப் பிடிமானம் இருக்கிறதா, தேங்கும் நீர் வெளியேறத் தடுப்புச் சுவரில் துளை விடப்பட்டிருக்கிறதா என்பவையே முக்கியம்.

விண்ணப்பமே போட முடியாதவர்களும் இருக்கிறார்கள். படுகர் ஹட்டிகளில் பல குடும்பங்கள் கூட்டுப் பட்டாவில் வாழ்கின்றன. மகனுக்குத் திருமணம் என்றால் ஓர் அறை தேவை. ஆனால் பங்காளிகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். கூடலூரில் 1969ஆம் ஆண்டின் ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் சிக்கிய நிலங்களில் தலைமுறைகளாகக் குடியிருப்போருக்குப் பட்டாவே இல்லை. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்களின் பிள்ளைகள் பலருக்கும் சொந்த மண் என்பது இன்னும் கனவுதான்.

இவர்கள் கட்டாமல் இருந்துவிடுவதில்லை, கட்டத்தான் செய்கிறார்கள். பொக்லைனுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் மண்வெட்டியால், விடுமுறை நாட்களில், பொறியாளர் எவரும் பார்க்காமல் கட்டுகிறார்கள். அனுமதி கைக்கு எட்டாதபோது கட்டுமானம் நிற்பதில்லை, கண்காணிப்புதான் நின்றுபோகிறது. இதுவே என் கவலை.

சந்தேகமும் நியாயமே

அதிகாரிகளின் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. ‘வீட்டு விரிவாக்கம்’ என்று கேட்டு வாங்கிய அனுமதி, மறு கோடையில் சுற்றுலா விடுதியாகப் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வதை நீலகிரியில் வசிப்பவர் யாவரும் அறிவர். அதற்காக எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், ஆள்பலமும் பணபலமும் உள்ளவர் முதலில் வெளியேறுவார். ஓர் அறை கேட்டவர் வரிசையிலேயே நிற்பார்.

சமவெளிக்கு 2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம். மலைக்கு இதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வரக் கூடாது. இங்கே மண்ணை ஒருவர் நேரில் பார்த்தே ஆக வேண்டும். அப்படிப் பார்ப்பவரை மக்களுக்கு அருகில் கொண்டுவருவதுதான் அரசின் வேலை. வட்டந்தோறும் ஒரு பொறியாளரும் ஒரு நிலவியலாளரும் குறித்த நாளில் தளத்துக்கு வந்து, வெட்டும் உயரம், சுவர், வடிகால் ஆகியவற்றுக்கு எழுத்தில் நிபந்தனை தரட்டும். சரிவு மிகுந்த இடத்தில் சிறிய அறைக்கும் மறுப்புச் சொல்லட்டும். பாதுகாப்பான இடத்தில் காலக்கெடுவுக்குள் ஒப்புதல் தரட்டும். வீடாக அனுமதி பெற்றது விடுதியானால் அந்த அனுமதி தானாக ரத்தாகட்டும். பட்டா இல்லாதவருக்கு உரிமை பற்றிய வழக்கு தனியே நடக்கட்டும். பாதுகாப்பு ஆலோசனை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சரியும் மண் பட்டா பார்த்துச் சரிவதில்லை.

வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. ஆய்வாளர் அதற்கு முன்பே வர வேண்டும். மீட்புக் குழு மட்டுமே வந்துசேரும் நிலையை இனியும் ஏற்க முடியாது.