சதுரங்கம் என்றொரு சோம்பல் உவமை

தென்கிழக்கு ஆசியாவைப் பற்றித் தமிழில் வரும் அரசியல் கட்டுரைகளில் எதை எடுத்துக்கொண்டாலும், இரண்டாம் பத்தி முடிவதற்குள் 'சதுரங்கம்' வந்துவிடுகிறது. சீனா ஒரு காயை நகர்த்துகிறது. அமெரிக்கா பதிலுக்கு இன்னொன்றை நகர்த்துகிறது. எழுதுபவர் இடதுசாரி எனில் அமெரிக்கா வில்லன். வலதுசாரி எனில் சீனா வில்லன். காய்களின் கதி இரு தரப்பிலும் ஒன்றுதான். ஏறத்தாழ 70 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு, யாரோ இருவர் குனிந்து பார்க்கும் மரப்பலகையாகச் சுருங்கிவிடுகிறது. எட்வர்ட் சைதைக் கரைத்துக் குடித்தவர்கள் நிறைந்த நம் சிற்றிதழ்ச் சூழலில் இந்த உவமை ஒருவரையும் உறுத்தவில்லை என்பதுதான் நமக்கு வியப்பளிக்கிறது.

'தென்கிழக்கு ஆசியா' என்ற பெயரே ஒரு படைத்தலைமையின் வழியாகப் பரவலானது. 1943-இல் ஜப்பானுக்கு எதிராக நேச நாடுகள் அமைத்த 'தென்கிழக்கு ஆசியக் கட்டளைப்பீட'த்துக்கு மவுண்ட்பேட்டன் தலைமை ஏற்றார். 1944-இல் அதன் தலைமையகம் தில்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. அந்தக் கட்டளைப்பீடத்தின் எல்லைக்குள் பிலிப்பைன்ஸ் கிடையாது. அது மெக்ஆர்தரின் பொறுப்பில் இருந்தது. ஆக, கண்டியில் அமர்ந்திருந்த தளபதிகளின் வசதிக்கு வரைந்த வட்டம் அது. பெயர் நிலைத்துவிட்டது, போகட்டும். அந்தத் தளபதிகளின் பார்வையையும் ஏன் நாம் சுமக்கவேண்டும் என்பதே நம் கேள்வி.

யானைகள் பொருதினால் நடுவில் சாவது சருகுமான் என்று மலாய் மொழியில் ஒரு பழமொழி உண்டு. கட்டுரையாளர்கள் அதைச் சுட்டி அனுதாபப்படுவது வழக்கம். அதே மலாய் நாட்டுப்புறக் கதைகளில் முதலைகளை வரிசையாக நிற்கவைத்து, அவற்றின் முதுகின்மேல் துள்ளி ஆற்றைக் கடப்பதும் அதே சருகுமான்தான். அந்தக் கதை இவர்கள் கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை.

வியட்நாமைப் பார்ப்போம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் சீன ஆட்சியின்கீழ் இருந்த நாடு அது. பின்னர் பிரெஞ்சுக்காரர்கள், ஜப்பானியர்கள், அமெரிக்கர்கள். அமெரிக்கப் போர் முடிந்த நான்காவது ஆண்டில், 1979 பிப்ரவரியில், சீனப் படை வடக்கு எல்லையைக் கடந்து வந்தது. இரு பக்கமும் செங்கொடி. (அந்த வாரங்களில் நம் தோழர்கள் எதை எழுதுவதென்று தவித்திருப்பார்கள் என்று எண்ணிப்பார்க்கிறோம்.) 1974-இல் பாராசெல் தீவுகள் பறிபோயின, 1988-இல் ஸ்பிராட்லித் தீவுக்கூட்டத்தில் நடந்த மோதலில் 64 வியட்நாமிய வீரர்கள் சீனக் கடற்படையால் கொல்லப்பட்டார்கள்.

இத்தனை காயங்களைச் சுமக்கும் நாடு என்ன செய்தது? 2023 செப்டம்பரில் பைடனை ஹனோய்க்கு அழைத்துத் தன் அயலுறவின் உச்சத் தகுதியை அமெரிக்காவுக்கு வழங்கியது. மூன்றே மாதங்களில், டிசம்பரில், அதே நகரில் ஷி ஜின்பிங்கை வரவேற்றது. 2024 ஜூனில் புடின் வந்தார். 2019-இல் வெளியிட்ட பாதுகாப்பு வெள்ளை அறிக்கையில் எந்த ராணுவக் கூட்டணியிலும் சேர்வதில்லை, ஒரு நாட்டோடு சேர்ந்து இன்னொரு நாட்டை எதிர்ப்பதில்லை, அந்நியத் தளங்களை அனுமதிப்பதில்லை, படைபலத்தைப் பயன்படுத்துவதோ அதைக் காட்டி மிரட்டுவதோ இல்லை என்று நான்கு 'இல்லை'களை எழுதிவைத்திருக்கிறது. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி டிரம்ப் 46 விழுக்காடு சுங்க வரியை அறிவித்தார். இரண்டே நாட்களில் கட்சியின் பொதுச்செயலாளர் டோ லாம் தொலைபேசியில் அவரை அழைத்துப் பேச்சைத் தொடங்கினார். ஜூலைக்குள் வரி 20 விழுக்காடாக இறங்கியது. உதிரிப்பாகம் சீனாவிலிருந்து வரவேண்டும், செய்த பொருள் அமெரிக்காவுக்குப் போகவேண்டும் என்பது அந்நாட்டுப் பொருளாதாரத்தின் நடைமுறை. இரண்டு வாசல்களில் ஒன்று மூடினாலும் தொழிற்சாலை நின்றுவிடும்.

இதை இரட்டை வேடம் என்பார் உண்டு. வல்லரசு செய்தால் ராஜதந்திரம், சிறிய நாடு செய்தால் இரட்டை வேடம் என்ற கணக்கை நாம் ஏற்கவில்லை. அதற்காக ஹனோய் ஆட்சியாளர்களுக்கு மாலை சூட்டுவதும் நம் நோக்கமன்று. வலைப்பதிவு எழுதியதற்காகச் சிறைக்கு அனுப்பும் அரசு அது. நாம் சொல்வது ஒன்றே: அங்கே முடிவெடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வரலாறும் கணக்கும் குற்றங்களும் உண்டு. காய்களுக்கு இவை இருப்பதில்லை.

சதுரங்க உவமை முற்றிலும் சரிந்துவிழும் இடம் தாய்லாந்து–கம்போடியா எல்லை. டாங்ரெக் மலை விளிம்பில் பிரியா விஹார் என்ற கெமர் காலச் சிவன் கோயில் நிற்கிறது. 1904-இல் சயாமும் பிரான்சும் செய்த உடன்படிக்கை நீர்பிரி மேடே எல்லை என்றது. பின்னர் பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த வரைபடமோ கோயிலைக் கம்போடியப் பக்கம் வைத்தது. சயாம் நெடுங்காலம் மறுப்புச் சொல்லாமலிருந்ததைச் சுட்டிக்காட்டி, 1962-இல் சர்வதேச நீதிமன்றம் கோயிலைக் கம்போடியாவுக்கு அளித்தது. 2008-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக, 2011 வரை அவ்வப்போது துப்பாக்கிகள் வெடித்தன.

2025-இல் என்ன நடந்தது? மே மாதம் எல்லையில் ஒரு கம்போடிய வீரர் கொல்லப்பட்டார். ஜூனில் தாய்லாந்துப் பிரதமர் பேதோங்தான் ஷினவத்ரா, கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னை 'மாமா' என்றழைத்துப் பேசிய தொலைபேசி உரையாடல் கசிந்தது. தன் நாட்டுத் தளபதியையே எதிர்த்தரப்பு என்று அவர் அதில் சொல்லியிருந்தார். இரு அரசியல் குடும்பங்களின் பழைய நட்பு முறிந்தது. ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் அவரைப் பதவி நீக்கியது. இடையில், ஜூலை 24 முதல் ஐந்து நாட்கள் ராக்கெட்டுகளும் எஃப்-16 விமானங்களும் பேசின. லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். மலேசியப் பிரதமர் அன்வர் இப்ராஹிம் புத்ராஜெயாவில் இரு தரப்பையும் உட்காரவைத்தார். சுங்க வரி மிரட்டலோடு டிரம்பும் உள்ளே வந்தார். டிசம்பரில் மீண்டும் சண்டை மூண்டது.

இதில் எந்த வல்லரசு எந்தக் காயை நகர்த்தியது? தாய்லாந்து அமெரிக்காவின் உடன்படிக்கை நட்பு நாடு. அதன் படையிலோ சீனத் தாங்கிகள் இருக்கின்றன. கம்போடியா சீனாவின் செல்லப்பிள்ளை என்பார்கள். சண்டையை நிறுத்திய பிறகு டிரம்புக்கு நோபல் பரிசு கேட்டு முன்மொழிந்தது அதே கம்போடியா. காலனிய வரைபடமும் குடும்ப அரசியலும் தேசியப் பெருமிதமும் மூட்டிய போர் இது. இவற்றைப் புரிந்துகொள்ள நமக்குப் பெய்ஜிங்கோ வாஷிங்டனோ தேவையில்லை. தெற்காசியாவில் வாழ்ந்தாலே போதும்.

இங்கே நம் பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்லியாகவேண்டும். அதே 2025 ஜூலை 27-ஆம் தேதி கங்கைகொண்ட சோழபுரத்தில், முதலாம் ராஜேந்திரன் கடல் கடந்து படைநடத்திய ஆயிரமாவது ஆண்டு விழா இந்தியப் பிரதமர் பங்கேற்கக் கொண்டாடப்பட்டது. அதே நாளில், அக்கடலுக்கு அப்பால், பழைய சிவன் கோயில்களைச் சுற்றிப் பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. கடாரத்தை வென்ற பெருமையை ஏட்டிலும் மேடையிலும் முழங்கிய நாட்களில், இந்தப் போரைப் பற்றிப் பொருட்படுத்தத்தக்க ஒரு பத்தி நம் இதழ்களில் நம் கண்ணில் படவில்லை. படையெடுத்துப் போன இடமாக மட்டும் ஒரு நிலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள், இன்று அதைச் சதுரங்கப் பலகையாகப் பார்ப்பதில் முரண்பாடு ஏதுமில்லை.

வல்லரசுகளின் பலத்தை மறுக்கிறீர்களா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மறுக்கவில்லை. 2016 ஜூலையில் தி ஹேக் நடுவர் மன்றம், சீனாவின் ஒன்பது கோடுகளுக்குள் அடங்கிய வளங்கள்மீதான வரலாற்று உரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தீர்ப்பளித்தது. சீனா அதைக் குப்பைக்காகிதம் போல ஒதுக்கியது. ஆனால் அதே தீர்ப்பை டுடெர்டே ஓரமாக வைத்ததும், 2022-க்குப் பிறகு மார்கோஸ் மகன் அதைத் தூக்கிப்பிடித்து அமெரிக்கர்களுக்கு மேலும் நான்கு தளங்களைத் திறந்ததும் மணிலாவின் உள் அரசியல். கடலும் அதே, வல்லரசுகளும் அவையே. மாறியது பிலிப்பைன்ஸ் வாக்காளரின் தேர்வு.

நிக்கல் கதை இன்னும் சிக்கலானது. இந்தோனேசியா 2020 ஜனவரியில் தாது ஏற்றுமதியைத் தடைசெய்தது. வேண்டுவோர் இங்கேயே வந்து உருக்குங்கள் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்புக்குப் போய் வழக்காடியது. சீன நிறுவனங்களோ உலைகளோடு சுலாவெசிக்கு வந்திறங்கின. மூலவளத்தின்மேல் தேசத்தின் உரிமை என்று இதைப் போற்றலாம். சீன மூலதனத்தின் வேட்டை என்று தூற்றலாம். 2023 டிசம்பரில் மொரோவாலி உலை வெடிப்பில் இறந்தவர்களில் இந்தோனேசியரும் இருந்தனர், சீனரும் இருந்தனர்.

சிறிய நாடுகளின் கூட்டமைப்பு என்பதால் ஆசியானைப் புனிதமாக்கவும் நாம் தயாரில்லை. 2021 பிப்ரவரியில் மியான்மர் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஏப்ரலில் ஆசியான் ஐந்து அம்ச இணக்கம் என்றொன்றை வெளியிட்டது. ராணுவத் தலைவர் நாடு திரும்பியதும் குண்டுவீச்சு தொடர்ந்தது. தலையிடாக் கொள்கை என்பது பல வேளைகளில் அரசர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் மரியாதை.

இலக்கிய வாசகர்களிடம் இதைச் சொல்லக் காரணம் உண்டு. லத்தீன் அமெரிக்காவை நம் சூழல் அறிந்தது ஆய்வறிக்கைகளின் வழியாக அல்ல. மார்க்வெஸும் ருல்ஃபோவும் அந்த மண்ணை நமக்குக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் அதைப் பலகை என்று எவரும் சொல்லத் துணிவதில்லை. வங்காள விரிகுடாவின் மறுகரை அத்தனை பக்கத்தில் இருந்தும் அப்படி நம்மை வந்தடையவில்லை. பிரமோத்யா அனந்த தூர் 1965-இல் கைதாகி, விசாரணையின்றி 1979 வரை அடைபட்டிருந்தார். புரு தீவுச் சிறையில் எழுதுபொருள் மறுக்கப்பட்டபோது தன் நாவலைச் சக கைதிகளுக்கு வாய்மொழியாகவே சொல்லிவந்தார். அவரைச் சிறைவைத்த அதே சுகார்த்தோ ஆட்சிதான் 1967-இல் பாங்காக்கில் ஆசியானைத் தொடங்கிய ஐந்தில் ஒன்று. அடுத்த முறை அந்தப் பிரதேசத்தைப் பற்றி எழுத உட்காருபவர், புரு தீவில் சொல்லப்பட்ட அந்தக் கதையிலிருந்து தொடங்கட்டும்.