வேதமும் பிரெஞ்சும் காலனிப் பேச்சும்

உத்திரமேரூர் என்றாலே குடவோலைப் பெருமைதான். கி.பி. 920 வாக்கில் வெட்டிய அந்தக் கல்வெட்டை முழுதாகப் படியுங்கள் தோழர்களே. குடத்தில் பெயர் விழ சொந்த நிலம், சொந்த மனை, வேதப் படிப்பு வேண்டும். சேரிக்கு அந்தப் படிப்பே பூட்டாக இருந்தது.

புதுச்சேரியில் 1826-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியான லிசே இன்றும் நடக்கிறது. பிரெஞ்சில் பாடம், கூடவே ஆங்கிலமும் தமிழும். அங்கே படிக்கும் பிள்ளையைப் பன்மொழி அறிந்தவர் என்று மெச்சுகிறோம். நம் கிராமத்து இருளர் பிள்ளையும் வீட்டுப் பேச்சு, புத்தகத் தமிழ், ஆங்கிலம் என மூன்றைச் சுமக்கிறது. அது வாய் திறந்தால் வகுப்பு சிரிக்கிறது.

கேலி கேலியோடு நிற்பதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் தொல்லையைப் பள்ளியில் சொன்ன தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது: சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது.

மாணவர் நலம் கட்டணப் பள்ளிகளுக்கு மட்டுமான சொல் அல்ல. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோரோடு போங்கள். இவற்றில் எது இங்கே நடந்திருக்கிறது என்று கேளுங்கள். காலனிப் பேச்சிலேயே கேளுங்கள்.