பழைய கணினிக்குப் புதுவாழ்வு

தலைமையாசிரியர்



ஒரு பொருள் பழையதாகிவிட்டது என்பது வேறு. பயனற்றதாகிவிட்டது என்பது வேறு. இவ்விரண்டின் வேறுபாட்டை நம் தோட்டத்து மக்கள் நன்கறிவர். பால்மரம் சீவும் கத்தி மழுங்கினால் தீட்டிக்கொள்கிறோம். மிதிவண்டிச் சங்கிலி அறுந்தால் மாற்றிக்கொள்கிறோம். ஆனால் கணினி என்று வரும்போது மட்டும், "இது பழசு, வேறு வாங்குங்கள்" என்று கடைக்காரர் சொன்ன மாத்திரத்தில், தவணை முறையில் கடன்பட்டுப் புதியதை வாங்கி வருகிறோம். இப்போக்கு மாற வேண்டும் என்பதே என் கருத்தாகும்.

இதனை இவ்வாண்டு மலரில் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பல இல்லங்களிலும் பள்ளிகளிலும் பயன்பட்டுவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு முடிவுற்றது. பதிவு செய்துகொண்டோர்க்குச் சிறிது கால நீட்டிப்பு உண்டு எனினும், அது நிலையான தீர்வன்று. அடுத்து வந்த விண்டோஸ் 11 ஐ நிறுவ வேண்டுமாயின், குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லு வசதியும், ஏறத்தாழ 2017 ஆம் ஆண்டுக்குப் பின் வந்த செயலியும் தேவை. இதனால், விசைப்பலகை தேயாத, திரை மங்காத, நல்ல நிலையிலுள்ள எண்ணற்ற கணினிகள் ஒதுக்கப்படுகின்றன. 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் கால் பங்குகூட முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்படவில்லை. அக்குவியலில் நம் பங்கையும் சேர்க்கத்தான் வேண்டுமா?

வேறு வழி உண்டு. அதுவே திறமூல மென்பொருள். கடையில் கறி வாங்கினால் உண்ணலாம். ஆனால் அதன் பக்குவம் நமக்குத் தெரியாது. திறமூல மென்பொருளோ கறியோடு பக்குவத்தையும் எழுதித் தருவது போன்றது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம்.

இவ்வியக்கம் தோன்றிய வரலாறு மாணவர்கள் அறியத்தக்கது. 1980 ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால் உடனே அறிவிக்கும் வண்ணம் அதன் நிரலை மாற்றியமைத்து வைத்திருந்தார். பின்னர் வந்த புதிய அச்சுப்பொறிக்கும் அவ்வாறே செய்ய விரும்பினார். மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. தம் கைக்கருவியைத் தாமே செப்பனிடும் உரிமை பறிபோவதை உணர்ந்த அவர், 1983 ஆம் ஆண்டில் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தம் சொந்தக் கணினியில் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளத்தின் கருவை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. அதுவே லினக்ஸ். மறு ஆண்டே குனு திட்டத்தின் பொது உரிமத்தின் கீழ் அதனை உலகுக்கு வழங்கினார்.

அம்மாணவரின் பொழுதுபோக்கு இன்று எங்கெல்லாம் இருக்கிறது, பாருங்கள்! உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூற்றின் பட்டியல் 2017 நவம்பரில் வெளியானபோது, அவை 500 உம் லினக்ஸிலேயே இயங்கின. உங்கள் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் லினக்ஸின் கருவே இருக்கிறது. நம் மலேசிய அரசாங்கமும் 2004 ஆம் ஆண்டில் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. ஆகவே, இஃது ஏழைகளுக்கான மாற்றுப்பொருள் என்று எண்ணுவது அறியாமை.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் லினக்ஸையே பயன்படுத்தி வருகிறேன். தேர்வுத் தாள்களும் கூட்டக் குறிப்புகளும் லிப்ரே ஆபிஸ் மென்பொருளிலேயே உருவாகின்றன. லினக்ஸ் மிண்ட்டின் எளிய வடிவமான எக்ஸ்எப்சிஇ, 4 ஜிபி நினைவகமுள்ள கணினியில் தடையின்றி இயங்கும். பழைய சுழல்வட்டைக் கழற்றிவிட்டுத் திண்ம நினைவகத்தைப் பொருத்தினால், பத்தாண்டுக் கணினியும் சுறுசுறுப்படையும். மென்பொருளுக்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. தன்னார்வலர்களின் உழைப்பால் லிப்ரே ஆபிஸின் பட்டியல்களைத் தமிழிலேயே காணலாம். "கோப்பு" என்று கணினித் திரையில் தாய்மொழி தோன்றும்போது, நம் மொழி வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று என்பதைக் குழந்தை தானே உணர்ந்துகொள்கிறது.

குறைகளே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட சில நிரல்கள் இதில் இயங்கா. பிறர் அனுப்பும் ஆவணங்களின் வடிவமைப்பு சில வேளைகளில் சிறிது கலையும். மிகப் பழைய 32 பிட் கணினிகளைப் பல லினக்ஸ் பதிப்புகள் கைவிட்டுவிட்டன. மேலும், தொடக்கத்தில் பொறுமையோடு கற்றுக்கொள்ள வேண்டும். ஆயினும், கற்றல் என்பது பள்ளிக்கூடத்திற்குப் புதிய சுமையா?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் பயின்ற காலத்தில், பாடத் துணைக்கருவிகளை அட்டையும் கயிறும் கொண்டு நாங்களே செய்தோம். தானே செய்த கருவியை ஆசிரியர் முழுதாக அறிவார், பழுதானால் அஞ்சமாட்டார். கணினியிலும் அத்துணிவு நம் பிள்ளைகளுக்கு வர வேண்டும். 2020 ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரே கைப்பேசியை மூன்று உடன்பிறப்புகள் பகிர்ந்து பாடம் கேட்ட வீடுகள் நம்மிடையே இருந்தன. ஒதுக்கப்பட்ட ஒரு கணினி அந்த வீட்டில் இருந்திருப்பின் எத்துணை உதவியாக இருந்திருக்கும்! பிறர் செய்ததை வாங்குவோராக மட்டுமே நம் பிள்ளைகள் வளர்ந்தால், பிறர் குறித்த நாளில் பிறர் குறித்த விலையைக் கொடுத்துக்கொண்டே இருப்பர். திறந்து பார்த்துச் செப்பனிடத் தெரிந்த பிள்ளையோ யாருக்கும் கைகட்டி நிற்காது.

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, மாதத்தில் ஒரு சனிக்கிழமையைப் பழைய கணினிகளைச் சீரமைக்கும் நாளாக ஒதுக்குவோம். மேல்நிலை மாணவர்களும் பட்டறை அனுபவமுள்ள தந்தையரும் தாய்மாரும் அதில் கைகோக்கட்டும். இரண்டாவது, பள்ளிப் பொருளறையில் கிடக்கும் கணினிகளைக் கழித்துக்கட்டுமுன், விதிமுறைப்படி அனுமதி பெற்று அவற்றைச் சோதித்துப் பார்ப்போம். மூன்றாவது, புதிய கணினிக்குத் தவணை கட்டத் துணியுமுன், வீட்டிலுள்ள பழையதை ஒருமுறை பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். சீராகுமாயின் பணம் மிச்சம். ஆகாவிடின், அதைத் திறந்து பார்த்த பிள்ளைக்கு ஒரு பாடமாவது மிச்சம்.

கடன் குறையட்டும், கைத்திறன் பெருகட்டும். வாழ்க நம் பள்ளி! வளர்க நம் தோட்டத்துச் சிறார்!