விமானி உரிமம் மட்டும் போதுமா? வான்வழித் தொழிலும் வட்டியும்

"பைலட் படிப்பு முடித்துவிட்டு, சொந்தமாக ஒரு சிறு விமானம் வாங்கி வாடகைக்கு விடலாமே?" என்று கேட்கும் இளைஞர்களை இன்று கள்ளக்குறிச்சியிலும் பார்க்கிறோம். இந்த ஆசை வரவேற்கத்தக்கதே. ஆனால் வீட்டை அடகு வைத்து, வட்டிக்குக் கடன் வாங்கி இதில் இறங்குமுன் சில உண்மைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2020ல் வெளியான சூரரைப் போற்று படத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் கேப்டன் ஜி.ஆர். கோபிநாத். அவர் ராணுவத்தில் பணியாற்றியவர், விமானி அல்ல. ஹெலிகாப்டர் ஓட்டத் தெரிந்தவர் அவருடைய நண்பர் கேப்டன் கே.ஜே. சாமுவேல். இருவரும் சேர்ந்து 1997ல் பெங்களூரில் ஹெலிகாப்டர் வாடகை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஏர் டெக்கான் பறந்ததோ 2003ல்தான். சிறிய அளவில் வாடகைத் தொழில் செய்த அந்த ஆறு ஆண்டுகள்தான் அஸ்திவாரம். பிறகு வேகமாக விரிந்த ஏர் டெக்கான் நஷ்டத்தில் சிக்கி, 2007ல் விஜய் மல்லையாவின் குழுமத்திடம் சென்றது. அதை விழுங்கிய கிங்ஃபிஷரும் வங்கிக் கடன் சுமையோடு 2012ல் தரையிறங்கியது.

விமானி உரிமம் என்பது ஓட்டுவதற்கான தகுதி மட்டுமே. கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்ற வேண்டுமானால், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் (டி.ஜி.சி.ஏ.) 'நான்-ஷெட்யூல்டு ஆபரேட்டர்' அனுமதி பெற வேண்டும். சொந்த உபயோகத்துக்கெனப் பதிவான விமானத்தில் காசுக்கு ஆள் ஏற்றுவது சட்டவிரோதம். பராமரிப்புக்கும் பாதுகாப்புக்கும் தகுதியான பொறுப்பாளர்கள் வேண்டும். இன்சூரன்ஸ், நிறுத்துமிட வாடகை, ஊழியர் சம்பளம் எல்லாம் விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் நிற்காது. ஒருவரை இறக்கிவிட்டு வெறும் விமானமாகத் திரும்பும் செலவும் உண்டு. இதன்மேல் மாதாமாதம் வட்டியும் ஏறினால், ஆள் வராத சில மாதங்களே குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிடும்.

நம் மாவட்டத்திலேயே தொடங்கலாமா? உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளம் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. கல்வராயன் மலைக் கிராமங்களின் அவசர நோயாளிகளுக்கு ஹெலிகாப்டர் பேருதவியாக இருக்கும். ஆனால் அந்த ஏழைகளால் கட்டணம் தர இயலாது. ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையில் 2024 அக்டோபரில் தொடங்கிய இலவச ஹெலி ஆம்புலன்ஸ் போல, அரசு செலவை ஏற்றால்தான் அது நடக்கும். அதுவரை இத்தொழிலுக்கு வாடிக்கையாளர்கள் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில்தான்.

அப்படியானால் முதலுக்கு என்ன வழி? கதீஜா (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு நபி (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்துக்கு வணிகம் சென்ற வரலாறு நமக்குத் தெரியும். ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு. இலாபத்தில் பேசியபடி பங்கு. நஷ்டம் வந்தால், உழைத்தவரின் கவனக்குறைவு இல்லாதவரை, முதல் போட்டவருக்குப் பணமும் உழைத்தவருக்கு உழைப்பும் போகும். இதுவே முளாரபா. விமானத்தை வாங்காமல் குத்தகைக்கு எடுப்பதும் நடைமுறையில் உள்ளதே. 2015ல் எமிரேட்ஸ் நிறுவனம் 91 கோடி டாலருக்கு மேல் சுகூக் பத்திரங்கள் மூலம் திரட்டி, ஏ380 விமானங்களை வாங்கியது. வட்டியின்றி விமானத் தொழிலே இல்லை என்பவர்களுக்கு இது பதில்.

எனவே நம் பிள்ளைகள் முதலில் ஒரு நிறுவனத்தில் விமானியாகச் சில ஆண்டுகள் பணியாற்றித் தொழிலைக் கற்கட்டும். வளைகுடாவில் சம்பாதித்தவர்களும் ஊர்ச் செல்வந்தர்களும் கல்யாண மண்டபத்திலும் மனையிலும் மட்டும் பணத்தை முடக்காமல் இவர்களோடு கூட்டுச் சேரட்டும். 2:282 வசனம் கற்றுத் தந்தபடி, ஒப்பந்தத்தை எழுத்தில், சாட்சிகளுடன் வைத்துக்கொள்ளட்டும். கையெழுத்திடுமுன் ஒரு வழக்கறிஞரிடமும் ஓர் ஆலிமிடமும் காட்டட்டும்.

வல்ல அல்லாஹ் நம் இளைஞர்களின் முயற்சியில் பரக்கத் செய்து, வட்டியின் தீங்கிலிருந்து காப்பானாக! ஆமீன்.