பத்துப் பொருத்தம்!

பெண் பார்க்கப் புறப்படுகிறவர்கள் ஜாதகத்தை மறக்க மாட்டார்கள். மூக்கும் முழியும் நன்றாயிருக்கிறது என்று வாசலிலேயே தட்டை மாற்றிக்கொண்டு திரும்பியவர் யாராவது உண்டா? ஆனால், நேயர்களே, பழைய மோட்டார் காருக்குக் கார்புரேட்டர் தேடுகிறவர்கள் மட்டும் ஏனோ இந்த ஜாக்கிரதையைக் காற்றில் விட்டுவிடுகிறார்கள். போல்ட் ஓட்டைகள் சரியாய் இருந்தால் போதும். பொருத்தம் முடிந்தது என்று பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். மனஸ்தாபம் அப்புறம்தான் ஆரம்பமாகிறது.

இங்கிலாந்தின் எம்.ஜி.பி. காரையே எடுத்துக்கொள்வோம். ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார் அது. கூரை போட்ட ஜி.டி. வண்டிகளையும் சேர்த்து 5 லட்சத்துக்கு மேல் விற்றது. அதன் 1,798 ஸி.ஸி. எஞ்சினும், நம் அம்பாஸிடரில் வெகுகாலம் உழைத்த 1,489 ஸி.ஸி. எஞ்சினும் ஒரே 'பி ஸீரிஸ்' குடும்பம். ஆகவே நமக்குத் தூரத்து உறவுதான்!

எம்.ஜி.பி.யில் பெரும்பாலும் இருப்பது எஸ்.யு. கார்புரேட்டர்கள் இரண்டு. எஸ்.யு. என்றால் 'ஸ்கின்னர்ஸ் யூனியன்'. ஸ்கின்னர் சகோதரர்களின் குடும்பத் தொழில் என்ன தெரியுமா? செருப்பு வியாபாரம்! அதனால்தானோ என்னவோ, அவர்கள் முதலில் செய்த கார்புரேட்டர்களில் தோலினால் ஆன துருத்தி இருந்தது. பிறகு அந்த இடத்துக்கு உலோகப் பிஸ்டன் வந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. எஞ்சின் அதிகமாக மூச்சு இழுத்தால் பிஸ்டன் மேலே எழும்புகிறது. அதன் அடியில் கூராகச் சீவிய ஊசி ஒன்று உண்டு. பிஸ்டன் ஏற ஏற, ஊசியைச் சுற்றிய இடைவெளி அகன்று பெட்ரோல் கூடுதலாக வருகிறது. எந்த உயரத்தில் எவ்வளவு பெட்ரோல் என்பதை அந்த ஊசியின் சரிவுதான் தீர்மானிக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

உங்களிடம் ஓர் எம்.ஜி.பி. இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆசையாய் வாங்கிய வண்டி சிக்னலில் நிற்கும்போது ஏறி இறங்கி முனகுகிறது. "கார்புரேட்டர் போச்சு ஸார், மாற்றிவிடலாம்" என்கிறார் மெக்கானிக். அதே 1½ அங்குல வாய் கொண்ட எச்.எஸ்.4 ஜோடி ஒன்று எங்கோ மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

முதலில் ஜாதகத்தைப் பாருங்கள். மிதவை அறையின் மூடித் திருகில் சின்னத் தகடு ஒன்று தொங்கும். அதில் 'ஏ.யு.டி.' என்ற எழுத்துக்களும் ஓர் எண்ணும் இருக்கும். இந்தக் கார்புரேட்டர் எந்த வண்டிக்காகப் பிறந்தது என்பதை அது சொல்லிவிடும். தகடு இல்லாவிட்டால் ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டியதுதான். ஊசி அசையாமல் நிற்கும் பழைய ரகமா, ஸ்பிரிங்கினால் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் பிற்கால ரகமா? ஜெட்டும் அதே ரகமா? எஞ்சினின் உட்புகையை இழுக்கும் குழாய்க்கு இதில் வழி உண்டா? டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் மெல்லிய குழாய் எங்கே சேரும்? மிதவை அறையும் லீவர்களும் உங்கள் வண்டிக்கு வேண்டிய பக்கம் பார்த்து அமைந்திருக்கின்றனவா? பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டும் ஜோடி ஆகிவிடாது! ஒன்றின் பிஸ்டனை இன்னொன்றின் மூடிக்குள் போடவும் கூடாது. அவை ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் சேர்த்தவை.

"இந்தத் தொல்லையே வேண்டாம், ஒற்றை வெபர் போதும்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். வெபர் இத்தாலிய வம்சம், நல்ல சரக்குத்தான். ஆனால் அதற்கு வேறு மானிஃபோல்டு வேண்டும். காற்று வடிகட்டி, கேபிள் எல்லாம் மாறும். 1975 மாடல் முதல் அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் இருந்ததோ ஒற்றை ஸெனித்-ஸ்ட்ராம்பெர்க். அங்கே உள்ளே இழுக்கும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே வார்ப்பு. ஒன்றைக் கழற்றினால் மற்றதும் கூட வரும்! காலிஃபோர்னியாவில் 1976-ம் வருஷ மாடலும் அதற்குப் பிந்தியவையும் புகைப் பரிசோதனைக்கு உட்பட்டவை என்பதையும் மறக்கக் கூடாது.

இதெல்லாம் பணக் கஷ்டம். உயிர்க் கஷ்டமும் உண்டு. எம்.ஜி.பி.யில் கார்புரேட்டர்களும் சூடேறும் புகைக் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மிதவை சிக்கிப் பெட்ரோல் வழிந்தால், அது சொட்டும் இடம் எதுவாக இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வழிகிற பெட்ரோலைக் கீழே கொண்டுபோகும் குழாயும், நடுவில் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடும் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. மாற்றுச் சாமானோடு அவையும் சரியாகச் சேர்கின்றனவா என்று பார்க்காமல் எஞ்சினைக் கிளப்பவே கூடாது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவிகிதம் வரை எதனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர்க் குழாய்களுக்கு அது ஆகாது. அவற்றையும் கையோடு மாற்றிவிடுவது நல்லது.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். புதிது தேடுமுன் பழையதை ஒருமுறை விசாரியுங்கள். எஞ்சின் ஓடும்போது த்ராட்டில் ஸ்பிண்டிலைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்டு, எஞ்சினின் சுருதியும் மாறினால், காற்று திருட்டு வழியாய் உள்ளே போகிறது. முனகலுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். புது ஸ்பிண்டிலும் புஷ்ஷும் போட்டால் தீரக்கூடிய வியாதி!

பிறகு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் பிடியுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் சீற வேண்டும். அடுத்து, பக்கத்திலுள்ள சின்ன முளையை அழுத்திப் பிஸ்டனை ஒரு நூல் அளவுக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் படுத்துக்கொண்டால் குறைவு. லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரியான கலவை.

இவ்வளவுக்கும் பிறகு தேறவில்லையென்றால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் கவலை இல்லை. ஸாலிஸ்பரியிலுள்ள பர்லன் கம்பெனி எஸ்.யு. கார்புரேட்டர்களை இன்றும் புதிதாகவே செய்து விற்கிறது. எஞ்சின் எண்ணையும் ஏ.யு.டி. எண்ணையும் எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கழற்றிய பழைய ஜோடியைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒரு பெட்டியில் போட்டு, தகட்டோடு பரண்மேல் வையுங்கள். நாளைக்கு உங்கள் மகனோ மகளோ அந்த வண்டியைப் பழையபடி ஆக்க ஆசைப்பட்டால், ஊரெல்லாம் அலைந்து தேடப்போவது அந்தப் பெட்டியைத்தான்!